யுகுலேலே இரவு: மேடையேறுபவர்களும் உதவ வருபவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யுகுலேலேயை (கிட்டார் போன்ற, நான்கு தந்தியுள்ள சிறிய வாத்தியம்) கூடி வாசிக்கும் இடத்துக்கு முதல்முறை வருபவர்கள் கேட்பவை, மேடையில் பாட நினைப்பவர்கள் கேட்பவை, நாற்காலி போடவும் ஒலி பார்க்கவும் முன்வருபவர்கள் கேட்பவை எல்லாம் இங்கே ஒன்றாக இருக்கின்றன. பெரும்பாலான பதில்களுக்கு அடிப்படை ஒன்றுதான்: அறையிலேயே குறைவாக வாசிக்கத் தெரிந்தவரை மனத்தில் வைத்துத்தான் வேகம், சுருதி, வரிசை, ஒலி எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும். நன்றாக வாசிப்பவர்கள் எப்படி இருந்தாலும் சமாளித்துக்கொள்வார்கள்.

யுகுலேலே இரவில் என்ன நடக்கும்?

வழக்கமாக மூன்று பகுதிகள். முதலில் எல்லோரும் சேர்ந்து வாசிக்கும் கூட்டு வாசிப்பு. பாட்டும் கார்டுகளும் (chord, பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டு) திரையிலோ தாளிலோ இருக்கும். பிறகு விரும்பியவர்கள் ஒருவர் பின் ஒருவராக மேடையேறி இரண்டு மூன்று பாட்டு வாசிக்கும் ஓப்பன் மைக். கடைசியில் மறுபடி எல்லோரும் சேர்ந்து நாலைந்து பாட்டு. மேடையேறியே ஆக வேண்டும் என்று எங்கும் சொல்வதில்லை.

எனக்கு மூன்று கார்டுதான் தெரியும். வரலாமா?

வரலாம். சி, எஃப், ஜி7 மூன்றும் கைவசம் இருந்தால் ஏராளமான பாட்டுகளை ஓட்டிவிடலாம். ஏ மைனரும் சேர்ந்தால் இன்னும் வசதி. இரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே உள்ள உலோகக் கம்பிகள் பிரிக்கும் கட்டம்) ஒரே ஒரு விரல்தான். தெரியாத கார்டு வந்தால் இடது கையைத் தந்திகள்மேல் லேசாகப் படியவிட்டு ஓசையை அடக்கிக்கொண்டு, வலது கையை நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருங்கள். ‘சக் சக்’ என்று தாளம் மட்டும் கேட்கும், அது யாருக்கும் இடைஞ்சல் இல்லை. தவறான கார்டை ஓங்கி அடிப்பதுதான் இடைஞ்சல்.

அதுவும் வேகமாக இருந்தால் ஒவ்வொரு அளவின் (bar, வழக்கமாக நான்கு அடி கொண்ட தாளச் சுற்று) முதல் அடியில் மட்டும் ஒரு கீழ் அடி போதும். மீதி மூன்று அடிகள் அடுத்த கார்டுக்கு விரலை நகர்த்தக் கிடைக்கும் நேரம்.

என்னென்ன எடுத்து வர வேண்டும்?

யுகுலேலே, கிளிப் ட்யூனர் (வாத்தியத்தின் தலையில் மாட்டிச் சுருதி பார்க்கும் கருவி), அதற்கு ஒரு மாற்று பேட்டரி (பெரும்பாலானவற்றில் சிஆர்2032 என்ற நாணய வடிவப் பேட்டரி), பென்சில். கண்ணாடி அணிபவர்கள் தொலைவுக் கண்ணாடியை மறக்கக் கூடாது. திரை தூரத்தில் இருக்கும். நின்று வாசிப்பதாக இருந்தால் தோள்வார். வார் இல்லாமல் நிற்கும்போது இடது கை கழுத்தைத் தாங்கும் வேலையையும் செய்ய வேண்டியிருப்பதால் கார்டு மாற்றம் தாமதமாகும்.

சுருதி சேர்க்க ஃபோன் செயலி வீட்டில் சரிவரும், கூட்டத்தில் சரிவராது. அது மைக் வழியாகக் கேட்கிறது. பக்கத்தில் இருப்பவரின் தந்தியையும் சேர்த்துக் கேட்டுவிடும். கிளிப் ட்யூனர் மரத்தின் அதிர்வைப் பிடிப்பதால் சத்தத்திலும் சரியாகக் காட்டும்.

என்னுடையது பாரிடோன். மற்றவர்களோடு சேருமா?

சேரும், ஆனால் யுகுலேலே அளவுகளில் பெரியதான பாரிடோனுக்கு விரல் வடிவங்கள் வேறு. சொப்ரானோ, கான்செர்ட், டெனார் என்ற மற்ற மூன்று அளவுகளும் வழக்கமாக ஜி–சி–இ–ஏ சுருதியில் இருக்கும். பாரிடோன் டி–ஜி–பி–இ, அதாவது கிட்டாரில் சுருதி உயர்ந்த நான்கு தந்திகள் போல. கிட்டார் தெரிந்தவர்களுக்கு அந்த வடிவங்களே போதும். தெரியாதவர்கள் ஐந்தாம் ஃப்ரெட்டில் காப்போ (எல்லாத் தந்திகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டால் டி–ஜி–பி–இ அப்படியே ஜி–சி–இ–ஏ ஆகிவிடும். திரையில் வரும் படங்களைப் பார்த்தே வாசிக்கலாம். ஜி தந்தி மட்டும் மற்றவர்களைவிட ஓர் எண்மம் (ஆக்டேவ், ஒரு ஸ்தாயி) கீழே ஒலிக்கும். கூட்டத்தில் அது நல்லதே, கனம் சேர்க்கும்.

வீட்டில் சேர்த்த சுருதி இங்கே வந்ததும் கலைந்துவிடுகிறதே?

மூன்று காரணங்கள் பொதுவானவை.

ஒன்று, புதுத் தந்தி. நைலானும் ஃப்ளூரோகார்பனும் மாட்டிய பிறகு பல நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும். நிகழ்ச்சிக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே மாற்றிவிடுங்கள். அவசரமாக மாற்ற நேர்ந்தால் ஒவ்வொரு தந்தியையும் நடுவில் பிடித்து விரற்பலகையிலிருந்து மெதுவாக விலக்கி இழுத்து, மறுபடி சுருதி சேர்த்து, இதையே ஐந்தாறு முறை செய்யுங்கள். அப்படியும் ஒவ்வொரு பாட்டுக்கு நடுவிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இரண்டு, வெப்பமும் ஈரப்பதமும். வெளியிலிருந்து வந்ததும் பெட்டியைத் திறந்து கால் மணி நேரம் வைத்துவிட்டு அப்புறம் சுருதி சேருங்கள். வந்த வேகத்தில் சேர்த்தால் இரண்டு முறை வேலை.

மூன்று, முறுக்காணி. பற்சக்கரம் இல்லாத உராய்வு முறுக்காணியில் தலைப்பக்கம் ஒரு சிறு திருகாணி இருக்கும். நழுவினால் அதைக் கால் சுற்று இறுக்கினால் போதும். எந்த வகையானாலும் வேண்டிய சுருதிக்குக் கீழே இறக்கி, பிறகு மேலே ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் தந்தியில் தொய்வு தங்கி, நாலு அடி அடித்ததும் இறங்கிவிடும்.

இது எதுவும் இல்லையென்றால் ட்யூனரின் அளவீட்டைப் பாருங்கள். 440 என்று இருக்க வேண்டும். பொத்தான் தவறுதலாக அழுந்தி 442 அல்லது 438 ஆகியிருந்தால் உங்களுக்கு எல்லாம் பச்சை விளக்காகத் தெரியும், பக்கத்தில் இருப்பவருக்கோ காது கூசும்.

புதியவர்களுக்கு உதவுபவர்கள் கவனிக்க: ஒரு தந்தியை மீட்டிக்கொண்டு வேறொரு தந்தியின் முறுக்காணியைத் திருகுவது இங்கே அடிக்கடி நடக்கும். ட்யூனர் முள் அசையவில்லையே என்று திருகிக்கொண்டே போவார்கள், பக்கத்துத் தந்தி அறுந்துவிடும். திருகும் முன் அந்தத் தந்தி எந்த முறுக்காணிக்குப் போகிறது என்று விரலை வைத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேடையில் எத்தனை பாட்டு? எதை எடுப்பது?

கேட்டுக்கொண்ட எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். இரண்டு என்றால் இரண்டு. மூன்றாவது ஒன்றைத் தயாராக வைத்திருங்கள், அழைத்தால் மட்டும் வாசியுங்கள்.

புதிதாகக் கற்ற பாட்டை முதலில் வைக்காதீர்கள். முதல் பாட்டு தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பாட்டு முழுக்க உங்கள் கவனம் மைக்கிலும் வெளிச்சத்திலும்தான் இருக்கும். கஷ்டமான பாட்டு இரண்டாவது. நீண்ட முன்னிசை இருந்தால் நாலு அளவாகச் சுருக்கிக்கொள்ளுங்கள். ஆறு சரணம் உள்ள பாட்டில் மூன்றை விட்டுவிட்டால் யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை.

பாட்டின் சுருதி என் குரலுக்கு ஒத்துவரவில்லை. என்ன செய்வது?

தாழ்வாக இருந்தால் காப்போ. சி வடிவங்களோடு இரண்டாம் ஃப்ரெட்டில் போட்டால் பாட்டு டி-க்கு ஏறும். அதிகம் ஏற்றமாக இருந்தால் காப்போ மட்டும் உதவாது, வடிவங்களை மாற்ற வேண்டும். சி–எஃப்–ஜி7-ல் இருப்பதை ஜி–சி–டி7-க்கு மாற்றினால் நன்றாக இறங்கிவிடும். ரொம்ப இறங்கிவிட்டது என்றால் அதே ஜி வடிவங்களோடு இரண்டாம் ஃப்ரெட்டில் காப்போ: இப்போது பாட்டு ஏ-யில் இருக்கும், விரலுக்குக் கஷ்டமான இ7-ஐத் தொட வேண்டியதில்லை.

உச்சஸ்தாயியை வைத்துச் சுருதியை முடிவு செய்யுங்கள், எடுப்பை வைத்து அல்ல. பாட்டின் மிக உயர்ந்த வரியை முதலில் பாடிப் பாருங்கள். அது தொண்டையை இறுக்காமல் வந்தால் சரி. பதற்றத்தில் குரல் வீட்டில் ஏறியதைவிடக் குறைவாகத்தான் ஏறும், அதற்கும் கொஞ்சம் இடம் விடுங்கள்.

கூட்டு வாசிப்புக்குக் கொடுக்கும் பாட்டில் காப்போவைத் தவிர்த்துவிடுங்கள். பாதிப் பேரிடம் இருக்காது.

எப்படிப் பயிற்சி செய்தால் மேடையில் கைகொடுக்கும்?

மேடையில் எப்படி இருப்பீர்களோ அப்படியே. நின்று வாசிக்கப் போகிறீர்கள் என்றால் நின்று பழகுங்கள்; உட்கார்ந்து பழகிய கைக்கு நிற்கும்போது கழுத்து வேறு கோணத்தில் இருக்கும். உயரமான எதையாவது வாய்க்கு நேரே வைத்து, அதை மைக்காகக் கொண்டு பாடுங்கள். விரலைக் குனிந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். குனியும்போதெல்லாம் குரல் மைக்கை விட்டு விலகும்.

இன்னொன்று: பாட்டின் நடுவில் வேண்டுமென்றே ஒரு கார்டைத் தவறவிட்டு, நிறுத்தாமல் அடுத்த வரியில் சேர்ந்துகொள்ளப் பழகுங்கள். தவறு செய்யாமல் இருக்க எல்லோரும் பயிற்சி எடுக்கிறார்கள். தவறிலிருந்து மீள யாரும் எடுப்பதில்லை, மேடையில் தேவைப்படுவது அதுதான்.

கை நடுங்குகிறது. நடுவில் மறந்துவிட்டால்?

நடுக்கம் பெரும்பாலும் முதல் பாட்டின் பாதியில் அடங்கிவிடும். அதுவரை தனித்தனித் தந்தியாக மீட்டும் பகுதி வேண்டாம். எல்லாத் தந்திகளையும் சேர்த்து அடிக்கும் ஸ்ட்ரம்மிங்கில் நடுக்கம் தெரியாது, விரல் மீட்டலில் நன்றாகத் தெரியும். கை சில்லிட்டிருந்தால் உங்கள் முறைக்கு இரண்டு பேர் முன்பிருந்தே தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

பதற்றத்தில் எல்லோரும் வேகமாகத் தொடங்குவார்கள். தொடங்கும் முன் பாட்டின் மிக நெருக்கமான வரியை, சொற்கள் அடர்ந்து வரும் இடத்தை, மனத்துக்குள் ஒருமுறை பாடுங்கள். அது தாங்கும் வேகம்தான் உங்கள் வேகம்.

வரி மறந்தால் வலது கையை விடாதீர்கள். இரண்டு அளவு வெறும் கார்டு வாசித்தால் இசைப்பகுதி என்று நினைத்துக்கொள்வார்கள். வரவே இல்லையென்றால் பல்லவிக்குப் போய்விடுங்கள். அறையில் பாதிப்பேர் சேர்ந்து பாடுவார்கள். மன்னிப்புக் கேட்டு முதலிலிருந்து தொடங்குவது மட்டும் வேண்டாம்.

மைக்கை எங்கே வைப்பது?

குரலுக்கு வாயிலிருந்து ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர். யுகுலேலேக்குத் தனி மைக் என்றால், கழுத்து உடலோடு சேரும் இடத்தை நோக்கி, பதினைந்து இருபது சென்டிமீட்டர் தள்ளி. ஒலித்துளைக்கு நேரே வைத்தால் ‘பம்’ என்று அடைத்த மாதிரி கேட்கும், ஃபீட்பேக்கும் (ஒலிபெருக்கியின் ஓசை மறுபடி மைக்கில் புகுந்து எழும் ஊளை) அங்கிருந்துதான் முதலில் கிளம்பும்.

ஒரே மைக்தான் இருக்கிறது என்றால் நெஞ்சு உயரத்தில் வைத்துச் சமாளிக்க நினைக்காதீர்கள், இரண்டும் கேட்காது. குரலுக்கு வைத்துவிட்டு யுகுலேலேயைக் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கள். சிறிய அறையில் யுகுலேலேக்கு மைக்கே வேண்டியிருக்காது.

என் யுகுலேலேயில் பிக்கப் (வாத்தியத்தின் ஒலியை மின்குறிப்பாக மாற்றும் கருவி) இருக்கிறது. நேராக மிக்ஸரில் (ஒலிகளைக் கலந்து அளவு பார்க்கும் கருவி) செருகலாமா?

அது எந்த வகை என்பதைப் பொறுத்தது. உள்ளே பேட்டரியோடு முன்பெருக்கி இருந்தால் செருகலாம். பேட்டரி இல்லாத வெறும் பியெசோ (அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் வகை) என்றால் நேராகச் செருகக் கூடாது. பியெசோவுக்கு ஒரு மெகா ஓம் அளவு உள்ளீட்டு மின்மறுப்பு வேண்டும். மிக்ஸரின் சாதாரண உள்ளீட்டில் அதில் சிறு பங்குதான் கிடைக்கும். அதனால் கீழ் ஓசை போய், தகரத்தைத் தட்டுவது போல ஒலிக்கும். நடுவில் ஆக்டிவ் டி.ஐ. பெட்டி (பிக்கப்பின் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது) ஒன்றை வையுங்கள். அதற்கு மிக்ஸரிலிருந்து மைக் கேபிள் வழியாகவே வரும் 48 வோல்ட் ஃபான்டம் மின்சாரமோ, சொந்தப் பேட்டரியோ வேண்டும். ஃபான்டம் போட மறந்துவிட்டு ‘கேபிள் போய்விட்டது’ என்று தேடுவது அடிக்கடி நடக்கிற கூத்து.

யுகுலேலேயிலிருந்து டி.ஐ. பெட்டி வரையுள்ள கேபிள் ஐந்தாறு மீட்டருக்கு மேல் நீள வேண்டாம், இரைச்சலைப் பிடிக்கும். ‘ஹம்’ என்று உறுமினால் டி.ஐ. பெட்டியில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். செருகும்போதும் பிடுங்கும்போதும் அந்தச் சேனல் மியூட்டில் இருக்க வேண்டும். ஒலி பார்ப்பவர் தலையசைத்த பிறகே பிடுங்குங்கள். வாசித்து முடித்ததும் ஜாக்கைக் கழற்றிவிடுங்கள். பல ஆக்டிவ் பிக்கப்புகளில் ஜாக் செருகியிருக்கும்வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

ஒலி பார்க்க ஒப்புக்கொண்டேன். யுகுலேலேக்கு என்று ஏதாவது தனியாகத் தெரிந்திருக்க வேண்டுமா?

வழக்கமான சுருதியில் இந்த வாத்தியத்தின் மிகக் கீழான ஸ்வரம் நடு சி, சுமார் 262 ஹெர்ட்ஸ். கீழ் ஜி தந்தி போட்டிருந்தால் 196. ஆகவே ஹை-பாஸ் ஃபில்டரை (குறிப்பிட்ட அளவுக்குக் கீழுள்ள ஓசையை வெட்டும் வடிகட்டி) 120 ஹெர்ட்ஸ் வரை தயங்காமல் ஏற்றலாம். அதற்குக் கீழே வருவதெல்லாம் கைபடும் சத்தம், மேடை அதிர்வு. பியெசோவில் வரும் அந்தச் செயற்கையான கூர்மையை 1.5 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் கொஞ்சம் குறைத்துச் சரிசெய்யலாம்.

ஃபீட்பேக் ஊளையிட்டால் மொத்த ஒலியையும் இறக்காதீர்கள். கடைசியாக ஏற்றிய சேனலை முதலில் இறக்குங்கள், பெரும்பாலும் அதுதான். ஒலிபெருக்கிகள் மைக்குகளுக்கு முன்னால், பார்வையாளர்களை நோக்கி இருக்கின்றனவா என்று பாருங்கள். சாதாரண கார்டியாய்டு (முன்பக்க ஓசையையே அதிகம் பிடிக்கும்) மைக்குக்கு மானிட்டர் (மேடையில் இருப்பவர் தன்னைக் கேட்க வைக்கும் ஒலிபெருக்கி) நேர் பின்பக்கம் இருக்க வேண்டும், அங்குதான் அது கேட்பது குறைவு. பாடுபவர் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் அந்தத் தன்மை கெட்டு ஊளை வரும், தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

சோதனையின்போது எல்லோரும் மென்மையாக அடிப்பார்கள், பாட்டில் ஓங்கி அடிப்பார்கள். ‘பல்லவியை வாசியுங்கள்’ என்று கேளுங்கள். அரை நிமிடம் போதும்.

கூட்டு வாசிப்பில் வேகம் இழுபடுகிறது. ஏன்?

யாரும் சோம்பல்படுவதில்லை. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகிறது. பன்னிரண்டு மீட்டர் தள்ளிப் பின்வரிசையில் இருப்பவருக்கு முன்வரிசை வாசிப்பது 35 மில்லிசெகண்ட் தாமதமாகக் கேட்கும். அதைக் கேட்டு அவர் அடிப்பது முன்வரிசைக்கு வந்துசேர இன்னொரு 35. நடத்துபவர் அந்த ஓசைக்குக் காத்திருந்தால் ஒவ்வொரு வரியிலும் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஆகவே பின்வரிசையில் இருப்பவர்கள் காதால் அல்ல, கண்ணால் தாளத்தைப் பிடிக்க வேண்டும்: நடத்துபவரின் வலது கையைப் பாருங்கள். நடத்துபவர் அறையிலிருந்து திரும்பி வரும் ஓசையைக் கண்டுகொள்ளவே கூடாது.

அறையை அகலவாக்கில் அமைத்து, அரைவட்டமாக மூன்று நான்கு வரிசைகள் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். தாளம் தட்டும் கஹோன் பெட்டியோ பேஸ் கிட்டாரோ இருந்தால் ஓரத்தில் அல்ல, நடுவில் உட்கார வையுங்கள்.

கஷ்டமான கார்டில் மட்டும் தடுமாறினால் அது வேறு விஷயம்: பி ஃப்ளாட், இ7 வரும் இடத்தில் எல்லோரும் அரை அடி தாமதிப்பார்கள். அந்த இரண்டு அளவை மட்டும் தொடங்கும் முன் நாலு முறை சுற்றி வாசித்துவிடுங்கள்.

கூட்டு வாசிப்பை நடத்தச் சொல்கிறார்கள். எப்படி?

பாட்டின் பெயர், முதல் கார்டு, தாளம் நாலா மூன்றா, எங்கே நிறுத்தம் வருகிறது: இவ்வளவு சொன்னால் போதும். முதல் கார்டை ஒருமுறை அடித்துப் பாடும் ஸ்வரத்தைக் கொடுங்கள். பிறகு எண்ணுங்கள், பாடப்போகும் அதே வேகத்தில். ‘ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு’ என்று நிதானமாக எண்ணிவிட்டு வேகமாகத் தொடங்கினால் முதல் வரி சிதறும். முடிவையும் கைகாட்டிக் காட்டுங்கள்: கடைசி வரிக்கு முன் வாத்தியத்தின் தலையை உயர்த்தி, இறங்கும்போது கடைசி அடி.

பாட்டுத் தாள் எப்படி இருக்க வேண்டும்?

ஒரு பாட்டு ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும். கார்டுப் பெயர் சொல்லுக்கு மேலே இருப்பது அழகு. ஆனால் எழுத்துரு மாறினால் நகர்ந்து வேறு எழுத்தின்மேல் போய் நிற்கும். வரிக்குள்ளேயே, மாறும் எழுத்துக்குச் சற்று முன்னால், தடித்த எழுத்தில் அடைப்புக்குறிக்குள் வைத்தால் நகராது. திரைக்கு ஒரு பக்கத்தில் எட்டு முதல் பத்து வரிகள். அதற்கு மேல் போனால் பின்வரிசைக்குத் தெரியாது. பல்லவியை ‘மறுபடியும்’ என்று எழுதி விடாதீர்கள், முழுதாக ஒட்டுங்கள். மேலே தேடித் திரும்புவதற்குள் பாட்டு போய்விடும்.

திரையை நகர்த்துபவர் கடைசி வரி முடியும் வரை காத்திருக்கக் கூடாது. கடைசி வரியின் நடுவிலேயே அடுத்த பக்கம் வந்துவிட வேண்டும். கணினியில் உறக்க நிலையையும் அறிவிப்புகளையும் அணைத்துவிடுங்கள்.

உதவ வருகிறேன், இசை தெரியாது. என்ன வேலை இருக்கும்?

நிறைய. வாசலில் வரவேற்றுப் பெயர் எழுதிக்கொள்வது, சுருதி மேசையில் உட்கார்வது (ட்யூனர் இருந்தால் போதும், அரை மணியில் கற்றுக்கொள்ளலாம்), இரவல் யுகுலேலேக்களைக் கணக்கெடுத்துக் கொடுத்து வாங்குவது, மேடையில் ஸ்டாண்டு உயரம் மாற்றுவது, நேரம் பார்ப்பது. நடைவழியில் கேபிள் போனால் அதன் நீளம் முழுக்க டேப் ஒட்டுவது முக்கியமான வேலை. அங்கங்கே குறுக்கே ஒட்டினால் நடுவில் தூக்கிக்கொண்டு கால் இடறும்.

ஓர் உதவிப் பெட்டி தயாராக இருக்கட்டும்: இரண்டு செட் தந்தி, மூன்று ட்யூனர், நாணயப் பேட்டரியும் 9 வோல்ட் பேட்டரியும், ஜாக் கேபிள் இரண்டு, மைக் கேபிள் ஒன்று, டேப், சிறு திருப்புளி, தாள் பறக்காமல் பிடிக்கத் துணி கிளிப், ஸ்டாண்டில் மாட்டும் விளக்கு. மேடையில் தந்தி அறுந்தால் அங்கேயே மாற்ற முயலாதீர்கள். சுருதி சேர்த்த இன்னொரு யுகுலேலே மேடை ஓரத்தில் இருந்தால் அதை நீட்டிவிடலாம்.

எத்தனை பேருக்கு இடம் கொடுக்கலாம்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டரை மணி நேரம் என்றால் 150 நிமிடம். தொடக்கக் கூட்டு வாசிப்பு 30, இடைவேளை 15, கடைசிக் கூட்டு வாசிப்பு 20 போக மீதி 85. ஒருவருக்கு 8 நிமிடம், ஆள் மாற 2 நிமிடம். எட்டுப் பேர், அவ்வளவுதான். பெயர் எழுதிக்கொள்ளும்போதே ஒன்பதாவது ஆளிடம் ‘காத்திருப்புப் பட்டியல்’ என்று சொல்லிவிடுவது, இரவு கடைசியில் கைவிரிப்பதைவிட மரியாதை.

வரிசையில் முதல் இடம் அனுபவசாலிக்கு. முதன்முறை மேடையேறுபவரை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வையுங்கள். கடைசி வரை காக்க வைத்தால் பயம் ஏறிக்கொண்டே போகும். அறையிலேயே பிரமாதமாக வாசிப்பவருக்குப் பின்னால் மட்டும் அவரைப் போட வேண்டாம். ஒருவர் வாசிக்கும்போதே அடுத்தவர் சுருதி சேர்த்துப் படியருகே நிற்க வேண்டும். அந்த 2 நிமிடத்தை 5 ஆக்குவது எப்போதும் ‘ட்யூனரைக் காணோம்’தான்.

தொகுப்பாளர் என்ன பேச வேண்டும்?

குறைவாக. பெயரைச் சரியாக உச்சரிக்க முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மேடையில் கேபிள் மாட்டும்வரை பேசுங்கள், மாட்டியதும் இறங்கிவிடுங்கள். ‘இவருக்கு இதுதான் முதல்முறை’ என்று அவரிடம் கேட்காமல் அறிவிக்காதீர்கள்.

மற்றவர்கள் மேடையில் வாசிக்கும்போது நாமும் கூட வாசிக்கலாமா?

அழைத்தால் மட்டும். மெதுவாகத்தானே என்று தோன்றும். இருபது பேர் மெதுவாக வாசித்தால் மேடையில் இருப்பவருக்குத் தன் தாளமே கேட்காது. சுருதி சேர்ப்பதையும் வெளியே போய்ச் செய்யுங்கள்.

அனுமதி, உரிமம் ஏதாவது வேண்டுமா?

காப்புரிமை உள்ள பாட்டைப் பொது இடத்தில் வாசிக்கப் பல நாடுகளில் உரிமம் வேண்டும். வழக்கமாக அரங்கத்தை நடத்துபவர்தான் எடுத்திருப்பார், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பாடல் வரிகளை அச்சடித்து விநியோகிப்பதும், நிகழ்ச்சியைப் பதிவு செய்து இணையத்தில் போடுவதும் அந்த உரிமத்தில் அடங்காமல் இருக்கலாம். படம் பிடிப்பதற்கு வாசிப்பவரின் சம்மதமும் தேவை. பெயர் எழுதும் தாளிலேயே ‘பதிவு செய்யலாமா: ஆம் / வேண்டாம்’ என்று ஒரு கட்டம் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

முடிந்ததும் உடனே கிளம்பலாமா?

ஒரு கால் மணி நேரம் இருந்தால் நன்றாக இருக்கும். முதலில் மிக்ஸரில் ஒலியை முழுதாக இறக்கி, ஒலிபெருக்கிகளை அணைத்து, அதன் பிறகே மிக்ஸரை அணையுங்கள். வரிசை மாறினால் ‘டப்’ என்று அடித்து ஒலிபெருக்கியைப் பழுதாக்கும். கேபிளை முழங்கையில் சுற்றாதீர்கள், உள்ளே முறுக்கு விழுந்து கொஞ்ச நாளில் இணைப்பு விட்டுப்போகும். கையில் தளர்வாக வளையம் போட்டுக் கட்டுங்கள். இரவல் யுகுலேலேக்களைப் பையில் வைக்கும் முன் தலைப்பகுதியைப் பாருங்கள், ட்யூனர்கள் அதிலேயே ஒட்டிக்கொண்டு போய்விடும்.